நகலுக்கு நகல்

தலையில் கட்டோடு ஒருவர் படியேறி வந்தால் நாம் முதலில் கேட்பது, “எங்கே விழுந்தீங்க?” என்பதுதான். கண்டக்டரும் அதைத்தான் கேட்டார்.

“விழல,” என்றாள் வந்தவள். “அடிச்சாங்க. என் மாமனாரைக் கொன்னுட்டு என்னையும் அடிச்சாங்க. இப்போ கொன்னதே நான்தான்னு சொல்றாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து பிடிச்சிட்டுப் போவாங்களாம்.”

காலை ஒன்பது மணி. வெளியே நாலு நாளாக விடாத மழை. அவள் கையில் இருந்த ரெக்சின் பையை வாங்கி ஸ்டூலில் வைத்துவிட்டு, கண்டக்டர் அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு மேஜையில் இடம் இல்லாததால் தன் டீ டம்ளரை அந்தப் பையின் மேலேயே வைத்துக்கொண்டார்.

கண்டக்டர் இப்போது பஸ்ஸில் இல்லை. இருபத்திரண்டு வருஷம் டிக்கெட் கிழித்த அந்த அம்மாள், ஓய்வு பெற்ற மறுநாளே இங்கே வந்து சேர்ந்துவிட்டார். விசில் மட்டும் இன்னும் கழுத்தில் தொங்குகிறது. வாயும் அப்படியே இருக்கிறது. அவர் வந்து சேர்ந்த இடம் சாம்பல்காரரின் அலுவலகம். தீயணைப்புத் துறையில் முப்பது வருஷம், எரிந்த வீடுகளைக் கிளறி, தீ எப்படிப் பிடித்தது என்று சொல்வதே அவர் வேலையாக இருந்தது. அதனால் அந்தப் பெயர். இப்போது தனியாகத் துப்புத் துலக்கிக் கொடுக்கிறார். அதிர்ந்து பேச மாட்டார். அவர் பேசாததை எல்லாம் சேர்த்துக் கண்டக்டர் பேசிவிடுவார்.

“முதல்ல இருந்து சொல்லும்மா,” என்றார் சாம்பல்காரர்.

அவள் தையல் வேலை செய்பவள். கணவன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து மாமனாரும் அவளும்தான் அந்த வீட்டில். மாமனார் ஒரு பெரிய அலுவலகத்தில் ஆவணக் காப்பறையைப் பார்த்துக்கொண்டவர். அலுவலகத்தை விட்டு வந்தாலும் காப்பறை அவரை விடவில்லை.

“வீட்டுப் பத்திரம், உயில், பிறந்த சர்டிபிகேட், கல்யாண சர்டிபிகேட் எல்லாம் ஒரு இரும்புப் பெட்டியில. மூடியைச் சுத்தி ரப்பர் இருக்கும். புது ஷூ டப்பாவுல சின்னப் பொட்டலம் வருமே, ஈரம் இழுக்கிற குருணை? அதைத் துணிப்பையில கட்டி உள்ள போடுவார். ஈரம் இழுத்தா நீலம் மாறி ரோஸ் ஆயிடும். மாசா மாசம் ஒண்ணாம் தேதி அதை வாணலியில வறுத்து, திரும்ப நீலமாக்கி வைப்போம். ஊர்ல எல்லாரும் வேர்க்கடலை வறுப்பாங்க, நம்ம வீட்டுல கல்லு வறுக்கிறாங்கன்னு மாமாவைக் கேலி பண்ணுவாங்க.”

“இந்த மாசமும் வறுத்தீங்களா?”

“திங்கக்கிழமைதான் ஒண்ணாம் தேதி. நான்தான் வறுத்தேன். நான்தான் மூடியையும் மூடினேன். சும்மா மூடினா அது மூடாது சார். முழங்காலை வச்சு அமுக்கணும். டக்னு சத்தம் வரணும். மாமாவுக்கு மூட்டுவலி, அதனால அது என் வேலை. சாவி மட்டும் அவர் கழுத்துச் சங்கிலியில. குளிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டார்.”

“அப்போ இந்தப் பை?” என்று கண்டக்டர் டம்ளரைத் தூக்கிப் பார்த்தார்.

அவள் லேசாகச் சிரித்தாள். “இது ஓட்டப்பை. எல்லாத்துக்கும் நகல் எடுத்து இதுல போட்டு, வாசல் ஆணியில மாட்டியிருப்பார். திடீர்னு கையைத் தட்டி ‘தீ!’ன்னு கத்துவார். யார் வீட்டுல இருந்தாலும் பையை எடுத்துக்கிட்டுத் தெருவுக்கு ஓடணும். வீட்டு மாப்பிள்ளையைக்கூட ஒரு தடவை ஓட விட்டார்.”

சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. மீதியைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

புதன்கிழமை சாயங்காலம் பெரியவர் பெட்டியைத் திறந்தார். ஒண்ணாம் தேதி தவிர அவர் அதைத் திறந்ததே இல்லை. திரும்ப மூடி அமுக்க அவளைக் கூப்பிட்டார். அவள் வந்தபோது உள்ளே எதையும் பார்க்க விடாமல் மூடியைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். அப்புறம் யாருக்கோ போன் செய்தார். சாப்பிடவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு ஓட்டப்பையை அவள் கையில் கொடுத்து, “இதுல இருக்கிறதை எல்லாம் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ் எடு. பையைக் கீழ வைக்காதே” என்றார். அவள் மழையைப் பார்த்துத் தயங்கியபோது கையைத் தட்டி, “தீ! ஓடு!” என்றார். அவளும் சிரித்துக்கொண்டே ஓடினாள்.

“கடையில கரண்ட் போயிடுச்சு. பதினோரு மணிக்கு மாமாவுக்கு மாத்திரை. பையைக் கடைக்கார அக்காகிட்ட வச்சிட்டு வீட்டுக்கு வந்தேன். கீழ வைக்காதேன்னு சொன்னதைக்கூடக் கேட்கல நான். கதவு திறந்திருந்துச்சு. மாமா குப்புறக் கிடந்தார். பேப்பர் பறக்காம வைக்க ஒரு இரும்புக் குண்டு வச்சிருப்பார். அதால பின்மண்டையை... ஒரு தடவை இல்ல சார், பல தடவை அடிச்சிருக்காங்க. சுவர் பூரா ரத்தம். திருப்பினேன். வாயிலயும் ரத்தம், பல்செட் பாதி வெளிய வந்திருந்துச்சு. தலை மேல கிடந்த குண்டை எடுத்து அந்தாண்ட வச்சேன். அவ்வளவுதான் தெரியும். எனக்குப் பின்னாடி யாரோ மூச்சு விட்டாங்க.”

நினைவு வந்தபோது பெட்டி கடப்பாரையால் பிளக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்த தாள்கள் எல்லாம் அவள் துணி ஊறவைக்கும் தகர வாளியில் எரிந்துகொண்டிருந்தன. பெரியவரின் போனும் அதற்குள் கிடந்தது. குண்டில் அவள் கைரேகை. வீட்டுக்குள் வலுக்கட்டாயமாக நுழைந்த தடயம் இல்லை. பை மட்டும் கடையில் தப்பியிருந்தது; இன்று காலை வரும் வழியில்தான் அதை வாங்கி வந்தாள்.

“கொல்றதுக்கு உங்களுக்கு என்ன காரணம்னு சொல்றாங்க?”

“உயில்ல எனக்கு ஒண்ணும் இல்லைன்னு மாமா சொன்னாராம். மாப்பிள்ளை அண்ணன் அழுதுக்கிட்டே இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னார். உயில் இல்லேன்னா வீடு மூணு பங்கு, என் புருஷன் பங்கு எனக்கு வரும். அதனால கொன்னு எரிச்சேனாம். சார், அந்த மனுஷன் எனக்கு அப்பாவுக்கு மேல. நான் ஜெயிலுக்குப் போறதைவிட, அவரைக் கொன்னவள்னு அவர் பிள்ளைங்க என்னைப் பார்க்கிற பார்வைதான் தாங்கல.”

சாம்பல்காரர் எழுந்து குடையை எடுத்தார். “அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு,” என்றார்.

பெரியவரின் அறை பத்துக்குப் பத்து. சுவரில் பழுப்பாக உலர்ந்த தெறிப்பு, மேலே விட்டம்வரை போயிருந்தது. கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிஷம் பேசவில்லை. அது ஒரு சாதனை.

இன்ஸ்பெக்டர் பழைய சிநேகிதர். “உங்க மரியாதைக்காகத்தான் அஞ்சு மணி வரைக்கும்,” என்று சொல்லி, வியாழக்கிழமை பதினொன்றரைக்கு எடுத்த படங்களைக் காட்டினார். பிளந்த பெட்டியின் மூலையில் இரண்டு துணிப்பைகள் கிடந்தன. ஒன்று கடப்பாரை பட்டுக் கிழிந்து, குருணை தரையில் சிந்தியிருந்தது. சிந்தியது எல்லாமே ரோஜா நிறம்.

சாம்பல்காரர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு வாளியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டாக எரிந்த தாள்களை ஒரு தகட்டால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். கறுத்த சாம்பலின் மேல் எழுத்துகள் மினுமினுத்தன. அச்செழுத்து மினுத்தது, முத்திரை மினுத்தது, கையெழுத்தும் மினுத்தது. “ம்,” என்றார்.

“ம்னா என்ன சார்? வாயைத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்திடும்?” என்றார் கண்டக்டர்.

“உங்களுக்கு ஒரு வேலை. இந்தக் குருணையை நீலமா வறுத்து, துணிப்பையில கட்டி, திறந்த ஜன்னல் பக்கத்துல வைங்க. ஒரு மணி நேரம் கழிச்சு வெட்டிப் பாருங்க.”

“முப்பது வருஷம் குடும்பம் நடத்திட்டு, கடைசியில கல்லு வறுக்க வந்திருக்கேன்,” என்று முனகிக்கொண்டே கண்டக்டர் அடுப்பங்கரைக்குப் போனார்.

அதற்குள் சாம்பல்காரர் குடும்பத்தினரிடம் பேசிவிட்டார். மூத்த மகன் லாரி மெக்கானிக். போன வருஷம் சண்டையில் அப்பாவின் கையை முறுக்கி உடைத்தவர். அதிலிருந்து வீட்டுப்படி மிதிக்கவில்லை. அவருடைய வலது கையில் அழுக்கான கட்டு. “ரேடியேட்டர் மூடி தெறிச்சிச்சு. நம்பினா நம்புங்க,” என்றார். மகளின் கணவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மென்மையான பேச்சு, சிவந்த கண்கள். இடது கட்டை விரலில் வெள்ளைவெளேரென்ற கட்டு. லென்ஸ் கீறியதாம்.

“இவரை மாதிரி மருமகன் யாருக்குக் கிடைப்பாங்க சார்?” என்று மகள் விம்மினாள். “செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குக் கழுத்து ஸ்கேன். நான் அவரோட உள்ள இருந்தேன். இவர்தான் வெளிய ரெண்டு மணி நேரம், அப்பாவோட கண்ணாடி, வாட்ச் எல்லாத்தையும் கைக்குட்டையில முடிஞ்சு வச்சிக்கிட்டுக் காத்துக்கிட்டிருந்தார்.”

“ஆஸ்பத்திரி இங்கிருந்து தூரமா?”

“அடுத்த தெருதான்.”

“அன்னைக்கு இந்த வீட்டுல யார் இருந்தா?”

“யாரும் இல்லை. அண்ணி தைச்ச யூனிபார்ம் குடுக்கப் போயிருந்தாங்க.”

நான்கு மணிக்கு எல்லாரையும் பெரியவரின் அறையிலேயே கூட்டினார்கள். மருமகள் தையல் மிஷின் ஓரமாக நின்றாள். மூத்தவர் சுவரில் சாய்ந்து அவளை முறைத்தார். கண்டக்டர் ஒரு தட்டோடு நுழைந்தார்.

“ஒரு மணி நேரம் காத்துல இருந்த பை இது,” என்று கத்தரியால் வெட்டிக் கொட்டினார். ஓரத்தில் இருந்த குருணை வெளுத்திருந்தது. நடுவில் இருந்தது பளிச்சென்று நீலம்.

கத்தரியைத் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டு நகர்ந்தார். சாம்பல்காரர் பேச ஆரம்பித்தார்.

“பெட்டியைப் பிளந்தது வியாழக்கிழமை பதினோரு மணி வாக்குல. படம் எடுத்தது பதினொன்றரை. அரை மணி நேரத்துல குருணை முழுக்க ரோஸ் ஆகாது. திங்கக்கிழமைதான் வறுத்து அடைச்சிருக்காங்க. அப்போ நடுவுல யாரோ பெட்டியைத் திறந்து, சரியா மூடாம விட்டிருக்காங்க. மழைக்காத்து ஒரு நாளாவது உள்ள போயிருக்கு.”

“இவதான் திறந்திருப்பா,” என்றார் மூத்தவர்.

“அவங்களுக்கு முழங்கால் வைக்கணும்னு தெரியும். ஆறு வருஷமா அவங்கதான் அமுக்குறாங்க. திறந்த ஆளுக்கு அது தெரியல. பூட்டிக்கிச்சு, போதும்னு போயிட்டார். பூட்டு விழும். ஆனா ரப்பர் ஒட்டாது.”

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். “சாவி கிழவர் கழுத்துலயே இருந்ததே?”

“குளிக்கும்போதுகூடக் கழட்டாத சங்கிலி. ஆனா கழுத்து ஸ்கேனுக்கு இரும்போட உள்ள விட மாட்டாங்க. கண்ணாடி, வாட்ச் எல்லாத்தையும்னு மகள் சொன்னாங்க. அந்த ‘எல்லாத்தையும்’ல பெட்டிச் சாவி இருந்தது. வீட்டுச் சாவியும் இருந்தது.”

மகள் மெதுவாகத் தன் கணவன் பக்கம் திரும்பினாள்.

“ரெண்டு மணி நேரம். அடுத்த தெரு. காலி வீடு,” என்றார் சாம்பல்காரர். “உயிலை மட்டும் எடுத்தார். புதன்கிழமை பெரியவர் பெட்டியைத் திறந்தார். சாவி ஒரு தடவை கைமாறினது அவருக்கு உறுத்தியிருக்கும். குருணை ரோஸ், உயில் இல்லை. யார்னு அவருக்குப் புரிஞ்சிடுச்சு. போலீசுக்குச் சொல்லல. மகளோட வாழ்க்கையாச்சே. தனியாக் கூப்பிட்டுப் பேசிக் கேட்டு வாங்கிடலாம்னு நினைச்சார். அதுக்குத்தான் மருமகளை மழையில வெளிய அனுப்பினார். வந்தவர் பேச்சுக்கு வரல. கொன்ன பிறகு, ஒரு தாள் மட்டும் காணாமப் போனது தெரியாம இருக்க, பெட்டியைப் பிளந்து எல்லாத்தையும் எரிச்சார். நடுவுல மருமகள் வந்துட்டாங்க. அவங்க மண்டையிலும் போட்டார். பழி போட ஆள் கிடைச்சிடுச்சு.”

“கதை நல்லா இருக்கு,” என்றார் மாப்பிள்ளை. குரல் இன்னும் மென்மையாகவே இருந்தது. “சாட்சி?”

சாம்பல்காரர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் உறையை மேஜையில் வைத்தார். உள்ளே பெரியவரின் பல்செட் இருந்தது. மேல் வரிசையில் ஒரு பல் இல்லை. இடுக்கில் ரத்தம் காய்ந்திருந்தது.

“பின்மண்டையில அடிச்சா வாயில ரத்தம் வராது. வாய்க்குள்ள காயமே இல்லைன்னு டாக்டர் எழுதியிருக்கார். சத்தம் வராம வாயைப் பொத்தின கையைப் பெரியவர் கடிச்சிருக்கார். இது அந்தக் கையோட ரத்தம். ரெண்டு பேர் கையில கட்டு இருக்கு. அவிழ்த்துக் காட்டுங்க.”

மூத்தவர் பல்லாலேயே முடிச்சை இழுத்துக் கட்டை உதறினார். உள்ளே வெந்து கொப்பளித்த தோல். “போதுமா?” என்றார்.

மாப்பிள்ளை அவிழ்க்கவில்லை. ஒரே எட்டில் தையல் மிஷினை அடைந்து கத்தரியை எடுத்தார். மருமகளின் முடியைப் பிடித்து இழுத்து, கத்தரி முனையைத் தொண்டையில் வைத்தார். தலைக்கட்டு அவிழ்ந்து பழைய காயத்திலிருந்து ரத்தம் கன்னத்தில் இறங்கியது.

“விலகுங்க! கிழவனுக்கு என்ன திமிர்! என் கால்ல விழ வேண்டியவன் என்னையே மன்னிக்கிறேன்னு சொன்னான்! வீட்டை இவளுக்கு எழுதி வச்சிட்டு...” முனை தோலைக் கிழித்தது. ஒரு சிவப்புக் கோடு இறங்கியது.

அவருக்குப் பின்னால் நின்ற கண்டக்டரை யாரும் கவனிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஓடும் பஸ்ஸை நிறுத்திய விசில், காதுக்கு அரையடி தூரத்தில் ஊதியது. மாப்பிள்ளை துள்ளிய துள்ளலில் கத்தரி விலகியது. அடுத்த நொடி மூத்தவரின் வெந்த கை அவர் முகத்தில் இறங்கியது. மூக்கு உடைந்த சத்தம் வாசல்வரை கேட்டது. கீழே விழுந்தவரின் மார்பில் ஏறி உட்கார்ந்து, கழுத்தைப் பிடித்து, தலையைத் தரையில் மோதினார். இன்ஸ்பெக்டரும் இரண்டு காவலரும் சேர்ந்து இழுத்தும் அந்தப் பிடி விடவில்லை.

“விடுங்க,” என்றார் சாம்பல்காரர். “உங்க அப்பா இந்த ஆளை மன்னிக்கத்தான் கூப்பிட்டார்.”

மூத்தவர் விட்டார். விட்டுவிட்டு அதே தரையில் உட்கார்ந்து, அப்பாவின் ரத்தம் காய்ந்த சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். “அந்தக் கையை உடைச்சவன் நான்... மன்னிப்புக்கூடக் கேட்கல.” கணவனின் விரல்கட்டை மகளே பிய்த்தாள். வீங்கிய விரலில் பல்வரிசை பதிந்திருந்தது. நடுவில் ஒரு பல்லுக்கு இடம் காலி. அந்தக் கட்டை அவர் முகத்தில் எறிந்துவிட்டு வெளியே போனாள்.

காவலர் இழுத்துக்கொண்டு போகும்போது மாப்பிள்ளை, உடைந்த மூக்கு வழியே சிரித்தார். “என்ன பண்ணாலும் உயில் சாம்பல்தான். நானே கொளுத்தினேன்.”

“நீங்க கொளுத்தினது நகல்,” என்றார் சாம்பல்காரர். “பேனா மையும் முத்திரை மையும் எரிஞ்சா போயிடும். ஜெராக்ஸ் மை சாம்பல் மேலயும் மினுக்கும். வாளியில கையெழுத்தும் முத்திரையும்கூட மினுக்குது. அந்தப் பெட்டியில இருந்தது மொத்தமும் நகல். உயிலும் அப்படித்தான் இருக்கணும். தாளைத் திருப்பித் தடவியிருந்தாலே தெரிஞ்சிருக்கும். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டினவர், நீங்க சரியாப் பார்க்கல.”

மருமகள் கழுத்தில் துணியை அழுத்திக்கொண்டு விழித்தாள். “அப்போ அசல்?”

“நகலுக்கு நகல் எடுக்க யாராவது கொட்டுற மழையில அனுப்புவாங்களாம்மா? அதுவும் காப்பறையிலயே வாழ்ந்த மனுஷன்? தீப்பிடிச்சா இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓட முடியுமா? எதைத் தூக்கிக்கிட்டு ஓடணுமோ அதுலதான் அசலை வச்சிருக்கார். பெட்டி, திருடன் பார்வைக்கு.”

கண்டக்டர் ஓட்டப்பையைக் கொண்டுவந்தார். மேல்பக்கம் டம்ளர் வைத்த வட்டமான டீக் கறையைப் புடவை முந்தானையால் அவசரமாகத் துடைத்தார்.

உள்ளே எண் போட்ட உறைகள். இரண்டாம் எண் உறைக்குள் உயில் இருந்தது. இன்ஸ்பெக்டர் வாங்கிப் படித்தார். “வீடு முழுக்க மருமகளுக்கு. ‘என் மகளாக இருந்தவளுக்கு’ன்னு எழுதியிருக்கார்,” என்று அவளிடம் நீட்டினார்.

அவள் படிக்கவில்லை. “பையைக் கீழ வைக்காதேன்னு சொன்னார். நான் கடையில வச்சிட்டு வந்தேனே சார்.”

“வைக்காம வந்திருந்தா, வாளியில அதுவும் எரிஞ்சிருக்கும். நீங்களும் பிழைச்சிருக்க மாட்டீங்க.”

“தீ, ஓடுன்னார். விளையாடுறார்னு சிரிச்சிக்கிட்டே போனேன். நெஜமாத்தான் சொல்லியிருக்கார்.”

தாளைத் திருப்பி, பின்பக்கத்தைப் பெருவிரலால் மெல்லத் தடவினாள். ஒவ்வொரு எழுத்தும் அங்கே மேடாகத் தட்டுப்பட்டது.

“மாமா எப்பவும் அழுத்தித்தான் எழுதுவார்,” என்றாள்.